ஏற்காட்டில் பச்சைக் குளத்தோடு வீடு வாங்கியவருக்கு

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய பங்களா வாங்கியிருக்கிறீர்கள். அதோடு சேர்ந்து 30க்கு 15 அடியில் ஒரு நீச்சல் குளமும் வந்திருக்கிறது. மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை. தண்ணீர் கரும்பச்சை, அடி தெரியவில்லை, மேலே சில்வர் ஓக் இலை மிதக்கிறது, தலைப்பிரட்டைகள் வேறு. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், "மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டு ஆசிட் ஊத்திக் கழுவிடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்கிறார். அதைச் செய்யலாமா, இல்லை வேறு எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

தண்ணீரை இறைக்காதீர்கள். இந்த மழைக்காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

சேலத்திலும் மலையிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் குளம் பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் உங்கள் தோட்டக்காரர் சொன்னதைத்தான் செய்தேன். ஓர் ஐப்பசி மாதம், மலையடிவாரத்தில் ஒரு விருந்தினர் விடுதி. தீபாவளிக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரே ராத்திரியில் மோட்டார் போட்டுக் குளத்தைக் காலி செய்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஆழமான பக்கத்துத் தரை பூரி மாதிரி உப்பியிருந்தது. டைல்ஸ் வரிசையாகப் பெயர்ந்து, நடுவில் விரல் நுழைகிற விரிசல். மழையில் ஊறிய மண்ணில் தேங்கிய நீர் குளத்தின் அடியைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே நிற்கிற தண்ணீரின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அந்த எடையை எடுத்துவிட்டால் குளம் என்பது சேற்றில் பதிந்த வெறும் தொட்டிதான், மிதக்கப் பார்க்கும். சில குளங்களில் இதற்கென்றே அடியில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். பழைய குளத்தில் அது இருக்கிறதா, இருந்தாலும் வேலை செய்கிறதா என்பதை நம்பி இறங்க முடியாது. அந்த விடுதிக்குப் பொங்கல் வரை வேலை நடந்தது. என் கூலியை நான் கேட்கவில்லை.

இன்னொரு காரணம் தண்ணீரே. உங்கள் குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுவோம், இந்தக் கணக்கு கடைசிவரை தேவைப்படும். ஆழம் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 5 அடி என்றால் சராசரி 4. முப்பதைப் பதினைந்தால் பெருக்கி, நாலால் பெருக்கினால் 1,800 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, ஏறக்குறைய 51,000 லிட்டர். ஐம்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாயிரம் லிட்டர் டேங்கரில் எட்டு ஒன்பது லோடு. கோடையில் மலைமேல் அத்தனை லோடு சொல்லிப் பாருங்கள், அப்புறம் பச்சைத் தண்ணீரின் மேல் தானாக மரியாதை வரும். பச்சையாக இருப்பதாலேயே அது கெட்ட தண்ணீர் ஆகிவிடாது. பாசி பிடித்த நல்ல தண்ணீர், அவ்வளவுதான்.

குளத்தில் இறங்குவதற்கு முன் பம்ப் ரூமுக்குப் போங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குளத்தின் உயிர் இருப்பது அந்த இருட்டு அறையில். அங்கே மோட்டார், அதன் முன்னால் கண்ணாடி மூடி போட்ட ஒரு கூடை, பக்கத்தில் பானை மாதிரி ஃபில்டர், அதன் தலையில் தண்ணீர் போகும் வழியை மாற்றுகிற, ஆறு நிலை கொண்ட மல்டிபோர்ட் வால்வு, ஒரு பிரஷர் கேஜ். மூன்று வருஷம் சும்மா நின்ற மோட்டாரை நேராக சுவிட்ச் போடாதீர்கள். பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அப்படியே போட்டால் மோட்டாரின் சுருள் எரிந்துவிடும். எலி கடித்த வயர் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் அணைக்கிற பிரேக்கர் இருக்கிறதா என்பதை அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரும் கரண்டும் சேர்கிற இடத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பம்ப் ரூம் குளத்து நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் இன்னொரு விஷயம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடக் குறைவு, அதனால் மோட்டார் தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் திறனும் குறையும். சேலத்தில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்கிற அதே மோட்டார் மேலே மூன்று தடவை கேட்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். கூடை மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றி, கிரீஸ் தடவி, கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிப் பாருங்கள். பெரும்பாலும் காற்று அங்கேதான் நுழைகிறது.

மல்டிபோர்ட் வால்வுக்கு ஒரே ஒரு சட்டம்தான். மோட்டார் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் உள்ளே இருக்கிற ஸ்போக் கேஸ்கட் பிய்ந்துவிடும். பிறகு ஃபில்டரைத் திருப்பிக் கழுவி அழுக்கை வெளியேற்றுகிற பேக்வாஷ் குழாயில் ராப்பகலாகத் தண்ணீர் ஒழுகும், நீங்கள் குளத்தில் விரிசல் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஃபில்டருக்குள் இருக்கும் மணலின் வயது தெரியாவிட்டால் திறந்து கையை விட்டுப் பாருங்கள். உதிரியாக இருந்தால் சரி. கட்டி கட்டியாக, பிசுபிசுப்பாக வந்தால் மாற்றிவிடுங்கள். ஐந்திலிருந்து ஏழு வருஷம்தான் அதற்கு ஆயுள். ஆற்று மணல் போடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபில்டருக்கென்று சலித்த, அரை மில்லிமீட்டர் அளவு குவார்ட்ஸ் மணல் தனியாகக் கிடைக்கும்.

சரி, இப்போது குளம். முதலில் மருந்து இல்லை, வலை. நீளமான கம்பில் ஆழ வலையைக் கட்டி அடியிலிருந்து இலையை வாருங்கள். இது அலுப்பான வேலை, ஒரு நாளில் முடியாது. ஆனால் இலை அடியில் கிடக்கும்வரை ஊற்றுகிற குளோரின் எல்லாம் அந்த மக்கிய இலையைத் தின்னத்தான் போகும், பாசிக்கு மிஞ்சாது. சில்வர் ஓக் இலை சின்னச் சின்னதாகப் பிளந்து, மேலே மிதப்பதை இழுத்துப் பிடிக்கிற ஸ்கிம்மர் கூடைக்குள் தைக்கும், பூக்கிற பருவத்தில் பூவும் சேர்ந்து கொட்டும். அடி தெரியாத குளத்துக்குள் ஆளை இறக்கி வாரச் சொல்லாதீர்கள். உடைந்த டைல்ஸ் இருக்கலாம், பாம்பு இருக்கலாம், கரையிலிருந்தே வாருங்கள்.

அடுத்து சோதனைப் பெட்டி. இரண்டு வகை கிடைக்கும். சொட்டு விட்டால் மஞ்சளாகிறது ஒன்று, இளஞ்சிவப்பாகிறது இன்னொன்று. மஞ்சள் வகை மலிவு, ஆனால் அது காட்டுவது மொத்த குளோரின். வேலை செய்து களைத்துப்போனதையும் சேர்த்துக் காட்டும். இளஞ்சிவப்பாகிற டிபிடி வகைதான் இன்னும் உயிரோடு இருக்கும் குளோரினைத் தனியாகக் காட்டும், அதையே வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் நிறமே வெளுத்து, குளோரின் இல்லை என்பது போலக் காட்டும். குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

பார்க்க வேண்டிய எண்கள் சில. பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.2க்கும் 7.6க்கும் நடுவில். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. உயிருள்ள குளோரின் சாதாரண நாளில் 1 முதல் 3. தண்ணீரின் கடினத்தன்மை 200க்கும் 400க்கும் நடுவில் இருந்தால் நல்லது.

இந்த எண்களில்தான் மலைக்கும் கீழே சேலத்துக்கும் பெரிய வித்தியாசம். சேலத்துப் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். மாக்னசைட் வெட்டி எடுக்கிற மண்ணில் ஊறி வருவது வேறெப்படி இருக்கும்? அங்கே குளத்து ஓரம் முழுக்க வெள்ளைப் பட்டை கட்டும், பிஎச் ஏறிக்கொண்டே போகும், ஆசிட் கையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மலையில் நிலைமை தலைகீழ். ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை. காரத்தன்மையே இருக்காது. அதனால் பிஎச் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், கொஞ்சம் மருந்து போட்டாலே தாவும். அதோடு மென்மையான தண்ணீர் பசியோடு இருக்கும். தனக்கு வேண்டிய சுண்ணாம்பை டைல்ஸ் நடுவே இருக்கிற கிரவுட்டிலிருந்து அரித்து எடுத்துக்கொள்ளும். உங்கள் குளத்தில் டைல்ஸ் இடுக்கு விரலால் தேய்த்தால் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் அதுதான் காரணம். கீழே சேலத்தில் குளம் வைத்திருக்கிற உறவினர் சொல்கிற யோசனை உங்களுக்குப் பொருந்தாது என்பதும் இதனால்தான்.

மருந்து சமையல் சோடா. ஐம்பதாயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ போட்டால் காரத்தன்மை பத்துக்குச் சற்று மேல் ஏறும். நாற்பது காட்டினால் நாலு கிலோ தேவைப்படும், இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். காரத்தன்மை நிலைத்த பிறகு பிஎச்சைப் பாருங்கள். குளோரின் போடுவதற்கு முன் அது 7.2 பக்கம் இருந்தால் நல்லது, அதே அளவு குளோரின் கூடுதல் வேகத்தோடு வேலை செய்யும். அதிகமாக இருந்தால் ஆசிட் அரை லிட்டர், ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் ஊற்றுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் ஆசிட். மாற்றிச் செய்யக் கூடாது.

இனி குளோரின். கடையில் மூன்று நாலு உருவத்தில் கிடைக்கும். திரவ ஹைப்போ, பத்து சதவீதம் சொச்சம். பிளீச்சிங் பவுடர், புதிதாக இருந்தால் முப்பது சொச்சம். கால்சியம் ஹைப்போகுளோரைட் துகள், 65 முதல் 70. டிசிசிஏ மாத்திரை, 90. முதல் மீட்புக்கு நான் ஹைப்போவைத்தான் எடுப்பேன். கணக்கும் சுலபம். உங்கள் குளத்துக்கு அரை லிட்டர் ஊற்றினால் ஒரு பிபிஎம் ஏறும். பாசியைக் கொல்லக் குறைந்தது பத்து பிபிஎம் வேண்டும், ஆக ஐந்து லிட்டர். வெயிலில் நின்ற பழைய கேன் என்றால் பாதி வீரியம்கூட இருக்காது, அதனால் நிழலில் வைத்த, சமீபத்தில் வந்த சரக்காகக் கேட்டு வாங்குங்கள். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு அதிகம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குளம் மோர் மாதிரி ஆகிவிடும்.

ஊற்றுவது சாயங்காலம், சூரியன் இறங்கிய பிறகு. வெயிலிலிருந்து காக்கிற நிலைப்படுத்தி இல்லாத குளோரினில் பெரும்பகுதியை இரண்டு மணி நேர வெயில் தின்றுவிடும். ஊற்றிவிட்டு சுவர், படி, ஏணிக்குப் பின்னால் எல்லாம் பிரஷ் போட்டுத் தேயுங்கள். பாசிக்கு மேல் ஒரு வழவழப்பான போர்வை இருக்கும், அதைக் கிழித்தால்தான் மருந்து உள்ளே போகும். மோட்டாரை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பார்த்தால் குளோரின் பூஜ்யமாக இருக்கும், மனம் விட வேண்டாம். சாயங்காலம் மறுபடி பத்துக்கு ஏற்றுங்கள். மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில் பச்சை போய்ச் சாம்பல் நிறம் வரும். வீட்டில் எல்லோரும் தண்ணீர் இன்னும் மோசமாகிவிட்டது என்பார்கள். பாசி செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த நாட்களில் ஃபில்டர் திணறும். சுத்தமாக இருக்கும்போது கேஜ் காட்டிய அளவை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் அதற்கு மேல் அரை பார் ஏறினால் மோட்டாரை நிறுத்தி, பேக்வாஷுக்குத் திருப்பி, பக்கக் கண்ணாடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டி, நிறுத்தி, அரை நிமிஷம் ரின்ஸ், மறுபடி ஃபில்டர். முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூடச் செய்ய வேண்டியிருக்கும். அந்த அழுக்குத் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஓடைப் பக்கமோ காப்பிச் செடி வேர்ப் பக்கமோ விடாதீர்கள். ஒரு குழியில் தேக்கி, இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு விடலாம்.

பாசி செத்த பிறகும் கலங்கல் போகாமல், லேசான செம்மண் நிறத்தில் நின்றால் அது உங்கள் மலைச்சரிவின் கைங்கரியம். மழையில் வழிந்து வந்த செம்மண், மணல் ஃபில்டரில் நிற்காத அளவுக்கு நுண்ணியது. அதற்குப் பாட்டி வைத்தியம்தான், படிகாரம். ஐம்பதாயிரம் லிட்டருக்கு இரண்டு கிலோ கரைத்துப் பரவலாக ஊற்றி, வால்வை ரீசர்குலேட்டில், அதாவது ஃபில்டருக்குள் போகாமல் தண்ணீர் சுற்றுகிற நிலையில், வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டி, நிறுத்திவிடுங்கள். ராத்திரி யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. காலையில் அடியில் பழுப்பாக ஒரு கம்பளி விரித்த மாதிரி படிந்திருக்கும். அதை வேக்யூம் போட்டு எடுக்கும்போது வால்வு, தண்ணீரை நேராக வெளியே விடுகிற வேஸ்ட் நிலையில் இருக்க வேண்டும். ஃபில்டர் வழியே விட்டால் எல்லாம் சுற்றிக் குளத்துக்கே திரும்பிவிடும். மெதுவாக, ஊர்கிற வேகத்தில் தள்ளுங்கள். படிகாரம் காரத்தன்மையைத் தின்னும், மறுபடி சோதித்து சோடாவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் செம்மண் உள்ளே வருகிற வழியை அடைக்காமல் இதையெல்லாம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்வது மாதிரி. குளத்துக்கு மேட்டுப் பக்கம் ஓர் அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணீரைச் சுற்றி விடுங்கள். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் அந்த வழியாகத்தான் குளத்தில் இறங்கிப் பாசிக்குச் சோறு போடுகிறது. எந்த மருந்தைவிடவும் இந்த வாய்க்காலுக்குச் செய்கிற செலவு மிச்சம் பிடிக்கும். குளத்தின் மேல் நீளும் சில்வர் ஓக் கிளைகளையும் நிழல் மரங்களுக்குக் கவாத்து நடக்கும்போது சேர்த்து வெட்டச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தோட்டக்காரர் அடுத்துச் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: "கொஞ்சம் மயில்துத்தம் போட்டா பாசியே வராது சார்." காப்பி இலைத் துரு நோய்க்கு சுண்ணாம்பும் துத்தமும் கலந்து போர்டோ கலவை அடித்த கை அது, வீட்டில் மூட்டையும் இருக்கும். துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதில் இருக்கும் செம்பு தண்ணீரிலேயே தங்கி, பிஎச் ஏறும் நாளில் டைல்ஸிலும் கிரவுட்டிலும் கறையாகப் படியும், நரைத்த தலைக்குப் பச்சைச் சாயம் ஏற்றும். கறையை எடுப்பது பாசியை எடுப்பதைவிடப் பெரிய பாடு. செடிக்கு அடிக்கட்டும், குளத்துக்கு வேண்டாம்.

டிசிசிஏ மாத்திரை பற்றி. வார இறுதியில் மட்டும் வருகிற உங்களைப் போன்றவர்களுக்கு அது வசதி, மெதுவாகக் கரையும். அதோடு சயனூரிக் அமிலம் என்ற நிலைப்படுத்தியும் தண்ணீரில் சேரும். வெயிலிலிருந்து குளோரினைக் காக்க அது 30 முதல் 50 பிபிஎம் வரை தேவை. அதற்கு மேல் போனால் அதுவே குளோரினின் கையைக் கட்டிவிடும், குளோரின் மூன்று காட்டியும் தண்ணீர் பச்சையாகும். வெயிலில் ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான் வழி. அப்படி மாற்ற வேண்டி வந்தால் மாசி பங்குனியில், மண் காய்ந்த பிறகு, மூன்றில் ஒரு பங்கு மட்டும்.

ஆசிட்டும் குளோரினும் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் வருவது விஷ வாயு. மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் துகளும் சந்திக்கக் கூடாது, அது தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை அள்ளிய கரண்டியால் இன்னொன்றை அள்ளுவதும் இதில் சேர்த்திதான். சேலத்தில் வாங்கி மேலே கொண்டுவரும்போது ஹைப்போ கேனையும் ஆசிட் கேனையும் ஒரே டிக்கியில் வைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் மூடி கழன்று உருண்டால் கார் கண்ணாடியை இறக்கக்கூட நேரம் கிடைக்காது. இரண்டு தடவையாகக் கொண்டுவாருங்கள். பம்ப் ரூமிலும் ஒன்றாக அடுக்காதீர்கள், மின்சாரப் பெட்டி துருப்பிடித்துப் போகும்.

தண்ணீர் தெளிந்த பிறகு மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். படியில் ஒரு வாளியை வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பிக் கோடு போடுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. மோட்டார் ஓடும் நாளில் ஒரு தடவை, ஓடாத நாளில் ஒரு தடவை பார்த்தால் கசிவு குழாயிலா சுவரிலா என்பதும் பிடிபடும்.

தினசரி வேலை அதிகம் இல்லை. மோட்டார் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். வாரம் இரண்டு தடவை சோதனை, ஒரு தடவை பிரஷ். பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம் ஒரு சோதனை. மார்கழிக் குளிரில் பாசி சோம்பும், குளோரின் செலவும் பாதியாகும். ஆனால் மோட்டாரை முழுதாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

எப்போது இறங்கலாம்? ராத்திரி ஒரு சோதனை, மறுநாள் விடியுமுன் ஒரு சோதனை. குளோரின் ஒன்றுக்கு மேல் குறையவில்லை என்றால் உள்ளே தின்ன எதுவும் மிஞ்சவில்லை. அப்புறம் அது மூன்றுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். ஆழமான பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, கரையில் நின்று அது தெரிய வேண்டும். அடியில் இருக்கும் உறிஞ்சு துளையின் மூடி உடையாமல், திருகு கழலாமல் இருக்க வேண்டும், பிள்ளைகளின் முடியைப் பிடித்து இழுப்பது அதுதான். குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டும் வருகிறவரை பிள்ளைகளைத் தனியே அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தலைப்பிரட்டையை விட்டுவிட்டேன். முதல் ஹைப்போ ஊற்றுவதற்கு முந்தைய நாளே சல்லடையில் அள்ளி, வாளியில் குளத்துத் தண்ணீரோடேயே கொண்டுபோய் ஓடைக்கரைத் தேக்கத்தில் விடச் சொல்லுங்கள். கூடவே சின்னச் சின்ன மீன்கள் இருந்தால், யாரோ கொசுவுக்காக விட்ட கம்பூசியாவாக இருக்கும். அதை மட்டும் ஓடையில் விடாதீர்கள், அங்கே இருக்கும் மீன்குஞ்சு, தவளைமுட்டை எல்லாவற்றையும் தின்றுவிடும். தோட்டத்தில் மருந்தடிக்கத் தண்ணீர் தேக்குகிற சிமெண்ட் தொட்டி இருக்குமே, துத்தம் கலக்காத தொட்டியாகப் பார்த்து அதில் விடுங்கள்.